பழைய நெடும்பயண மோட்டார் சைக்கிளை நம்பி வாங்கலாமா?



மோட்டார் சைக்கிள் என்றதும் நம் நாட்டில் பெரும்பாலோருக்கு, வேலைக்கும் சந்தைக்கும் போய்வர உதவுகின்ற சிறிய வண்டிதான் நினைவுக்கு வரும். இன்று நான் பேசப்போவது அதைப் பற்றி அல்ல. முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி, பின்னால் சாமான் பெட்டிகள், இருவர் வசதியாக அமரும் அகலமான இருக்கை, இவற்றோடு ஒரே நாளில் ஐந்நூறு அறுநூறு கிலோமீட்டர் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட பெரிய நெடும்பயண மோட்டார் சைக்கிளைப் பற்றியே பேசப்போகிறேன். புதிதாக வாங்குவதென்றால் அதன் விலை ஒரு காரின் விலையை எட்டிவிடும். ஆகவே இந்த ஆசை உள்ளவர்களில் பலர் பழைய வண்டியைத்தான் தேடுகிறார்கள்.

தேடுகிறவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர். பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள். வீட்டுக் கடன் அடைந்துவிட்டது. இளமையில் முடியாமற்போன ஒன்றை இப்போதாவது செய்து பார்ப்போம் என்று சேமிப்பிலிருந்து ஓர் இருபதாயிரம் வெள்ளியை எடுக்கிறார். அந்தத் தொகை தவறான வண்டியில் முடங்கிப் போனால், மறுபடியும் சேர்ப்பதற்கு அவருக்கு அவ்வளவு காலம் இல்லை.

பணம் மட்டுமல்ல. பேராவின் கிரிக்கிலிருந்து கிளந்தானின் ஜெலிக்குப் போகின்ற கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1982-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சாலை அது. ஏறத்தாழ 120 கிலோமீட்டருக்குக் காடும் மலையும்தான். நடுவே தெமெங்கோர் ஏரியின் அழகைப் பார்ப்பதற்கென்றே வண்டியோட்டிகள் அங்கே போகிறார்கள். ஆனால் இருட்டிய பிறகு யானைகள் சாலையைக் கடக்கும். கைத்தொலைபேசிக்கு அலைவரிசை கிடைக்காத வளைவுகளும் உண்டு. அப்படி ஓர் இடத்தில், பின்னிருக்கையில் மனைவியை வைத்துக்கொண்டு, வண்டி நின்றுபோனால் என்ன செய்வது? நகரத்துக்குள் நின்றுபோன வண்டி ஒரு தொல்லை. அங்கே நின்றுபோன வண்டி ஆபத்து.

அப்படியானால் நம்பகமான வண்டி எது? இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் நம்மவர்கள் வண்டியின் பெயரைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். ஜப்பான் வண்டிதான் கெடாது என்பார் ஒருவர்; ஜெர்மன் வண்டிதான் நெடுந்தூரத்துக்கு ஏற்றது என்பார் மற்றொருவர். காப்பிக் கடையில் இந்த விவாதம் நள்ளிரவு வரையிலும் நடக்கும். என்னைக் கேட்டால், பதினைந்து இருபது ஆண்டு ஆகிவிட்ட ஒரு வண்டியைப் பொறுத்தவரை, தொழிற்சாலையின் பெயரைக் காட்டிலும் அதை வைத்திருந்தவரின் பழக்கமே பெரிது. ஒரே நாளில், ஒரே தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த இரண்டு வண்டிகள் இன்று முற்றிலும் வேறுபட்ட இரண்டு இயந்திரங்களாக இருக்கும்.

இதைச் சிறிய கணக்கு ஒன்றால் விளக்குகிறேன். ஒரு வண்டியில், கெட்டால் நம்மை வழியில் நிறுத்திவிடக்கூடிய பாகங்கள் 50 இருப்பதாக வைத்துக்கொள்வோம். பேட்டரி ஒன்று, அதற்கு மின்சாரம் அனுப்பும் சுருள் ஒன்று, பெட்ரோல் பம்பு ஒன்று, கிளச் கம்பி ஒன்று, இப்படி. குறிப்பிட்ட ஒரு பயணத்தில் ஒவ்வொரு பாகமும் பழுதாகாமல் இருப்பதற்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாய்ப்பு என்று கொள்வோம். கேட்பதற்கு மிக நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் ஐம்பதும் ஒருசேரப் பழுதாகாமல் இருக்க வேண்டுமே! அதற்கு 0.99 என்பதை ஐம்பது முறை பெருக்க வேண்டும். விடை ஏறக்குறைய 0.6. அதாவது பத்துப் பயணத்தில் நான்கில் ஏதோ ஒன்று கெடும். அதே பாகங்களின் தரம் ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று உயர்ந்தால், விடை 0.95 ஆகிவிடும். இருபது பயணத்துக்கு ஒரு பழுது.

ஐம்பது பாகங்களும் ஒன்றையொன்று சாராமல் கெடுவதாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. உண்மை வண்டி இவ்வளவு ஒழுங்காகக் கணக்குக்கு அடங்காது. இருந்தாலும் இதிலிருந்து ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். இயந்திரம் எவ்வளவு பெரிது, எவ்வளவு புகழ் பெற்றது என்பதைப் பார்த்துப் பணம் கொடுக்கிறோம். நம்மை வழியில் நிறுத்துவதோ பெரும்பாலும் ஐம்பது வெள்ளி, நூறு வெள்ளிப் பாகங்கள். அவற்றை முந்தைய உரிமையாளர் காலாகாலத்தில் மாற்றினாரா என்பதுதான் கேள்வி.

இப்போது உங்கள் முன்னே இரண்டு வண்டிகள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே வகை, ஒரே ஆண்டு, ஒரே விலை. முதல் வண்டி பளபளக்கிறது. பதினைந்து ஆண்டில் 14,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. “வீட்டுக்குள்ளேயே மூடி வைத்திருந்தேன்” என்கிறார் விற்பவர். இரண்டாவது வண்டியில் அங்கங்கே கீறல்கள். பெட்டியின் மூலை தேய்ந்திருக்கிறது. மீட்டர் 85,000 காட்டுகிறது. ஆனால் உரிமையாளர் ஒரு கோப்பைக் கொண்டுவந்து வைக்கிறார். எந்த நாளில் எந்தப் பட்டறையில் என்ன மாற்றினார் என்பதற்கு ரசீதுகள் இருக்கின்றன. எதை வாங்குவது?

பத்தில் ஒன்பது பேர் முதல் வண்டிக்குத்தான் கை நீட்டுவார்கள். நான் இரண்டாவதைத்தான் முதலில் பார்ப்பேன். காரணம் சொல்கிறேன்.

மோட்டார் சைக்கிள் ஓடுவதால் தேய்கிறது. ஓடாமல் நிற்பதால் கெடுகிறது. தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். நிற்பதால் வரும் கேடு உள்ளே ஒளிந்திருக்கும். நம் நாட்டு ஈரக்காற்றில் இது இன்னும் மோசம். நின்றுபோன வண்டியின் டாங்கியில் பெட்ரோல் மெல்ல மெல்ல ஆவியாகி, மிச்சம் பிசின்போல் மாறி, கார்புரேட்டரின் மயிரிழைத் துளைகளை அடைத்துவிடும். டாங்கி பாதி காலியாக இருந்தால், மேல் பகுதியில் நீர் வியர்த்துத் துரு பிடிக்கும். பிரேக் எண்ணெய்க்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. அதனால்தான் இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றாத எண்ணெய் தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். ஈரம் ஏறிய எண்ணெய் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது, தொடர்ந்து பிரேக் பிடித்துப் பிடித்து அது கொதித்தால், குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். பிறகு பிரேக் பிடியை அழுத்தினால் கைப்பிடி வரை போகும், வண்டி நிற்காது. 14,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய வண்டி என்று மகிழ்ந்தவர் இதை எதிர்பார்த்திருக்கமாட்டார்.

ரப்பரும் அப்படித்தான். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்கு வயதாகும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2000-ஆம் ஆண்டு முதல் தயாரான டயர்களில் இந்த முறையைப் பார்க்கலாம். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். முதல் வண்டியின் டயரில் பூவெல்லாம் புதிதுபோல் இருக்கும். எண்ணைப் பார்த்தால் பத்து வயதாகியிருக்கும். கட்டையாகிப்போன அந்த ரப்பர் மழைச் சாலையைப் பிடிக்காது. விற்பவர் எவ்வளவு சொன்னாலும், அந்த டயர்களை வீசிவிட்டுப் புது டயர் மாட்டும் செலவை விலையில் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

நெடும்பயண வண்டிகள் சிலவற்றில் இயந்திரத்துக்குள் ரப்பர் பட்டை ஒன்றும் இருக்கிறது. வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் பட்டை அது. ஹோண்டா நிறுவனம் 1990 முதல் 2002 வரை தயாரித்த எஸ்.டி. 1100 என்ற வண்டியில் இத்தகைய பட்டைதான். 28 லிட்டர் பெட்ரோல் கொள்ளும் டாங்கி, செயினுக்குப் பதில் தண்டு, நீர் குளிர்விக்கும் நான்கு சிலிண்டர் இயந்திரம் என்று நெடும்பயணத்துக்கெனவே அமைந்த வண்டி. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் என்று பெயர் எடுத்தது. ஆனால் இன்று எந்த எஸ்.டி. 1100-ஐ எடுத்தாலும் அதற்கு இருபது வயதுக்கு மேல். பட்டை எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றப்படவே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். நிற்கும் வண்டிக்கும் இது பொருந்தும்.

மீட்டர் காட்டும் எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. அதைத் திருத்துவது கடினமான வேலை அல்ல. கால் வைக்கும் ரப்பர், பிரேக் மிதி, சாவியின் பற்கள், இருக்கையின் ஓரம், கைப்பிடி, இவை அத்தனையும் தேய்ந்திருக்க, மீட்டர் மட்டும் 14,000 என்றால் எதை நம்புவது?

ஆகவே இரண்டாவது வண்டியைப் பார்க்கப் போவோம். போகும்போது முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுங்கள்: “நான் வரும்வரை வண்டியைக் கிளப்ப வேண்டாம், ஐயா.” போனவுடன் இயந்திரத்தைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறது என்றால், விற்பவர் அதை முன்பே ஓடவிட்டிருக்கிறார். குளிர்ந்த இயந்திரம் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் அதன் உடல்நிலை வெளிப்படும். கிளம்பிய கணத்தில் சற்றே நீலப்புகை வந்து நின்றுவிட்டால், வால்வுகளின் ரப்பர் மூடிகள் பழையவை என்று பொருள். வேகம் கூட்டும்போதெல்லாம் நீலப்புகை வந்தால் நோய் பெரிது. சிலிண்டருக்குள் எண்ணெய் எரிகிறது. வெண்மையான ஆவி காலையில் சிறிது நேரம் வருவது இயல்பு. இயந்திரம் சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வந்துகொண்டேயிருந்தால், குளிர்நீர் உள்ளே கசிகிறது. பட்டறைகளில் கறுப்பு எண்ணெய் என்று சொல்கிறோமே, அந்த எஞ்சின் எண்ணெய் பால் கலந்த காப்பிபோல் இருந்தால், அதற்கு மேல் பேச்சுவார்த்தை வேண்டாம்.

அடுத்தது மின்சாரம். பழைய நெடும்பயண வண்டிகளில், உங்கள் கவனத்தில் பாதியை இதற்கே கொடுங்கள் என்பேன். இயந்திரம் உடைந்து வழியில் நின்றவர்களைவிட மின்சாரம் போய் நின்றவர்களே அதிகம் என்று எந்தப் போமனும் சொல்வார். நம்மிடம் இருபது முப்பது வெள்ளிக்குக் கிடைக்கும் சிறிய மின்னழுத்தமானி ஒன்று போதும். வண்டி நிற்கும்போது பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டு அல்லது சற்றுக் கூடுதலாகக் காட்டும். பிறகு இயந்திரத்தைக் கிளப்பி, நிமிடத்துக்கு மூவாயிரம் நாலாயிரம் சுற்றில் வைத்துப் பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் நலம். 13-ஐத் தாண்டவில்லை என்றால் பேட்டரிக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை. அது தன் கையிருப்பைத் தின்றுகொண்டிருக்கிறது. 15-ஐத் தாண்டினால் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. பேட்டரி கொதித்து வீணாகும். விளக்குகளைப் போட்டுக்கொண்டு ஒருமுறை, இயந்திரம் நன்றாகச் சூடான பிறகு இன்னொரு முறை பாருங்கள். சூடேறிய பிறகே தலைகாட்டும் பழுது இதில் சகஜம்.

முந்தைய உரிமையாளர் கூடுதல் விளக்குகள், பாட்டுப்பெட்டி, தொலைபேசிக்கு மின்னூட்டும் கருவி என்று எதையெதையோ பொருத்தியிருப்பார். இருக்கையைக் கழற்றி, அந்தக் கம்பிகளைப் பாருங்கள். ஒழுங்காகக் கட்டி, ஃபியூஸ் வைத்து, இணைப்புகளை மூடியிருந்தால் நல்லவர் கையில் இருந்த வண்டி. கறுப்புப் பட்டையைச் சுற்றி முறுக்கிவிட்ட கம்பிகள் கொத்தாகத் தொங்கினால், அவர் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் என்ன செய்திருப்பார் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். ஓட்டிப் பார்ப்பதைவிட இந்த ஓர் இடத்தைப் பார்ப்பது எனக்கு அதிகம் சொல்லும்.

ஒரே பாகம், ஒரே பழுது; ஆனால் வண்டிக்கு வண்டி செலவு மாறும். இதற்கு ஹோண்டாவின் கோல்ட் விங் நல்ல எடுத்துக்காட்டு. 1980-களின் நடுவில் வந்த ஜி.எல். 1200 என்ற வகையில், மின்சாரம் உண்டாக்கும் சுருள் இயந்திரத்தின் பின்பக்கத்துக்குள் இருக்கிறது. அது எரிந்துபோனால் இயந்திரத்தையே வண்டியிலிருந்து இறக்க வேண்டும். பாகத்தின் விலையைவிடக் கூலி பல மடங்கு ஆகிவிடும். 1988-இல் வந்த ஜி.எல். 1500-இல், மின்சாரம் உண்டாக்கும் கருவியைத் தனியாக வெளியே பொருத்தினார்கள். இயந்திரத்தை இறக்காமலே மாற்றிவிடலாம். ஆகவே, எது கெடும் என்று கேட்பதோடு, கெட்டால் அதை அடைய எதையெல்லாம் கழற்ற வேண்டும் என்றும் கேளுங்கள்.

எந்த வண்டிக்கும் தெரிந்த ஒரு பலவீனம் இருக்கத்தான் செய்யும். பி.எம்.டபிள்யூ.வின் பெரிய நெடும்பயண வண்டிகள் சிலவற்றில், ஆர். 1150 ஆர்.டி., கே. 1200 எல்.டி. போன்றவற்றில், பின்சக்கரத்தைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டியின் பேரிங் கெடுவது உலகெங்கும் ஓட்டுநர்களுக்குத் தெரிந்த செய்தி. அதற்காக அந்த வண்டிகளை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பலவீனம் தெரிந்திருந்தால் சோதிக்க முடியும். நடு நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்தின் மேல்முனையை ஒரு கையாலும் கீழ்முனையை ஒரு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆட்டம் தெரிந்தால் பழுது வந்துகொண்டிருக்கிறது. பெட்டியின் எண்ணெயை வடித்து, அதில் உலோகத் துகள் மின்னுகிறதா என்றும் பார்க்கச் சொல்லலாம். செயின் உள்ள வண்டியாக இருந்தால், பின் பல்சக்கரத்தின் கடைசியில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பல்லின் பாதி தெரியும் அளவுக்கு அது விலகி வந்தால், செயின் தொகுதியை மாற்றியாக வேண்டும். இது பயப்பட வேண்டிய பழுது அல்ல. விலை பேசுவதற்கான காரணம்.

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கச் செய்து, கைப்பிடியை இடமும் வலமும் மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுவதுபோல் தடுக்கினால், தலைப் பேரிங் தேய்ந்திருக்கிறது. முன் தாங்கிகளில் எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிரேக் தட்டின் ஓரத்தில் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் தட்டை மாற்ற வேண்டும். பெரிய வண்டித் தட்டுகள் மலிவானவை அல்ல.

இனி, நம் நாட்டுக்கே உரிய ஓர் எச்சரிக்கை. வெள்ளம். 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் கிளந்தானிலும், 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் ஷா ஆலாம், கிள்ளான் பகுதிகளிலும் வந்த வெள்ளத்தில் மூழ்கிய வாகனங்கள் எத்தனையோ. கழுவித் துடைத்து வண்ணம் பூசி விற்பனைக்கு வரும் வண்டிகளில் அவையும் கலந்திருக்கலாம். சேறு எல்லா இடத்திலிருந்தும் போய்விடாது. முன்விளக்கின் உட்பக்கம், இருக்கைக்கடியில் பேட்டரி வைக்கும் குழி, கம்பி இணைப்புகளின் உள்ளே, சட்டத்தின் திறந்த குழாய் முனைகள், இந்த இடங்களில் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். மெல்லிய மண்படலம், இணைப்புகளில் பச்சைக் களிம்பு, சாமான் பெட்டிக்குள் நீர் நின்ற கோடு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை ஓடவைக்க முடியும். ஆனால் அதன் கம்பிகளை நம்பிக் காட்டு வழியில் போக முடியாது.

பத்திரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிராண்ட் என்று நாம் சொல்லும் பதிவுப் பத்திரத்தில் உள்ள இயந்திர எண்ணும் சட்ட எண்ணும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு ஒத்திருக்க வேண்டும். எண்களைச் சுற்றிச் சுரண்டிய அடையாளம் இருக்கக் கூடாது. தயாரித்த ஆண்டு வேறு, பதிவு செய்த ஆண்டு வேறு; வெளிநாட்டிலிருந்து பழையதாகவே வந்த வண்டிகளில் இந்த வேறுபாடு பெரிதாக இருக்கும். தவணைக் கடன் பாக்கி உண்டா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள். உங்களிடம் அதற்குரிய உரிமம் இருக்கிறதா என்பதும் முக்கியம். நம்மில் பலரிடம் இருப்பது 250 சி.சி. வரைக்கான பி2 உரிமம்தான். 500 சி.சி.-க்கு மேற்பட்ட வண்டிக்கு முழு பி உரிமம் வேண்டும்.

எல்லைக்கு அப்பால் சிங்கப்பூரில் இருந்து கேட்கும் நேயர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அங்கே 1990 முதல் நடப்பில் உள்ள வாகன உரிமைச் சான்றிதழ் பத்தாண்டுக்குரியது. பழைய வண்டியின் விலையில் பெரும்பகுதி அந்தச் சான்றிதழில் எஞ்சியிருக்கும் காலத்தின் விலைதான். ஆகவே ஒரு வண்டி மலிவாக இருப்பதற்குக் காரணம் அது கெட்டுவிட்டதாக இருக்க வேண்டியதில்லை; காலம் தீரப்போவதாக இருக்கலாம். அதிக விலை சொல்வதாலும் அது நல்ல வண்டி ஆகிவிடாது. தாளின் விலை வேறு, இரும்பின் நிலை வேறு என்று பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

வண்டி எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பணம் கொடுப்பதற்கு முன் இன்னும் ஒரு வேலை. உங்கள் ஊரில் அந்த வண்டியைக் கழற்றிப் பழகிய போமன் யார் என்று விசாரியுங்கள். அவரிடம் போய், கிளச் கம்பி, பிரேக் கட்டை, எண்ணெய் வடிகட்டி, ரெகுலேட்டர் ஆகிய இந்த நான்கும் எத்தனை நாளில் கிடைக்கும் என்று கேளுங்கள். “நாளைக்கு வரும்” என்றால் நல்லது. “ஜப்பானுக்கு எழுதிக் கேட்க வேண்டும்” என்றால், அந்த வண்டி எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் நம்பகத்தில் பாதி போய்விட்டது. ஹோண்டா சி.பி.எக்ஸ். 750 இந்த வகையில் நினைத்துப் பார்க்கத்தக்கது. நம் போக்குவரத்துப் போலீஸார் பல ஆண்டுகள் ஓட்டிய வண்டி. சாலையில் அதைப் பார்க்காதவர் குறைவு. அதன் வால்வு இடைவெளியை எண்ணெய் அழுத்தமே சரிசெய்துகொள்ளும், கையால் சரிசெய்ய வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய நன்மை, அந்த வண்டியைத் தெரிந்த கைகள் நம் நாட்டில் உண்டு என்பதுதான். பெயர்பெற்ற ஆனால் யாரும் தொட்டறியாத அபூர்வ வண்டியைவிட, போமன் கண்ணை மூடிக்கொண்டு கழற்றக்கூடிய பழைய வண்டியே வழியில் நமக்கு உதவும்.

விலை பேசும்போது, கையில் உள்ள தொகை முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். இருபதாயிரம் வெள்ளி வைத்திருப்பவர் பதினாறாயிரத்துக்குள் வாங்க வேண்டும். மீதி நாலாயிரம் டயர், பேட்டரி, பிரேக் எண்ணெய், வடிகட்டிகள், தேவையானால் அந்த ரப்பர் பட்டை ஆகியவற்றுக்கு. இதைச் செலவு என்று நினைக்காமல், வண்டியின் விலையில் ஒரு பகுதி என்று நினைக்க வேண்டும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிறவர்கள்தான் பிறகு வழியில் நிற்கிறார்கள். விற்பவர் ரசீதுக் கோப்போடு வந்தால், அவர் சொல்லும் விலையில் ஐந்நூறு அறுநூறு வெள்ளி கூட இருந்தாலும் நான் அதற்காகச் சண்டை போடமாட்டேன். அந்தக் கோப்பு அவ்வளவு பெறும்.

வாங்கிய மறுவாரமே தாய்லாந்துக்குப் புறப்பட்டுவிட வேண்டாம். முதலில் முப்பது நாற்பது கிலோமீட்டர் போய்வந்து, இரவு வண்டி நின்ற தரையில் காலையில் ஏதாவது சொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டறைகள் அருகிலேயே உள்ள பழைய சாலையில் இருநூறு கிலோமீட்டர். வழியில் நல்ல வெயில் நேரத்தில் ஒரு முறை வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு தேநீர் குடித்த பின் மறுபடியும் கிளப்பிப் பாருங்கள். சூட்டில் கிளம்ப மறுக்கும் வண்டிகள் இப்படித்தான் பிடிபடும். வீட்டுக்கு வந்ததும் எஞ்சின் எண்ணெய் அளவு, பேட்டரி வோல்ட்டு, பெட்டிகளைத் தாங்கும் திருகாணிகள் ஆகியவற்றை மறுபடியும் பாருங்கள். மூன்றாவது முறை மனைவியையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு, அதே எடையோடு ஒரு மலைச்சாலை. அதிலும் குறை ஒன்றும் தெரியவில்லையென்றால், ஒரு கிளச் கம்பி, இரண்டு ஃபியூஸ், டயருக்குப் பஞ்சர் ஒட்டும் பொருள்கள், அந்தச் சிறிய மின்னழுத்தமானி ஆகியவற்றைப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டு, காலை வெளிச்சத்தோடு கிரிக்கிலிருந்து புறப்படலாம். டாங்கியை மட்டும் கிரிக்கிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.